எலுமிச்சைச் சொறியும் தாவரச் சாறுகளும்

எலுமிச்சைத் தோட்டமுடையோர் எவருக்கும் சொறி வியாதி புதியதன்று. இலையின் இருபுறமும் பழுப்புநிறத் தடிப்புகள் எழுந்து, அவற்றைச் சுற்றி மஞ்சள் வளையம் காணும். பின்னர் கொம்பிலும் முள்ளிலும் காயிலும் அது பரவும். சொறி விழுந்த காயைச் சந்தையில் ஒதுக்கித் தள்ளி, அரை மனத்தோடுதான் விலை கேட்பார்கள். சாந்தோமோனாஸ் என்னும் பாக்டீரியாவே இதற்குக் காரணம்.

ஸ்ட்ரெப்டோமைசினும் டெட்ராசைக்கிளினும் கலந்த மருந்தைத் தெளிப்பது நெடுநாள் வழக்கமாயிருந்தது. இவை மனிதர் வைத்தியத்துக்கும் வேண்டியவை. முன்னது 1943-ல் கண்டுபிடிக்கப்பட்டு க்ஷயரோகத்துக்கு மருந்தாயிற்று. தோட்டந்தோறும் இவற்றை இறைத்தால் கிருமிகள் மருந்துக்கு அடங்காத குணம் பெற்றுவிடும். இவ்வபாயங் கருதியே இந்திய அரசாங்கம் 2021 டிசம்பரில், இவ்விரண்டையும் விவசாயத்தினின்று விலக்குவதற்கான வரைவு ஆணையை வெளியிட்டது. ஆகவே தாவரச் சாறுகளின்மேல் பலருடைய நோக்கமும் திரும்பியது இயல்பே. ஆயினும் அச்சாறுகளைப்பற்றிச் சொல்லப்படுவன யாவும் நம்பத்தக்கவை அல்ல.

பூண்டை நசுக்குங்கால் பிறக்கும் அல்லிசினும், கிராம்பெண்ணெயிலுள்ள யூஜெனாலும், ஓமத்திலுள்ள தைமாலும் பாக்டீரியாக்களைக் கொல்லும் என்பது பரிசோதனைச் சாலையில் கண்ட உண்மை. தோட்டத்திலோ அல்லிசின் விரைவில் சிதையும். எண்ணெய்கள் வெயிலில் ஆவியாகும். எஞ்சியதை மழை கழுவும். எண்ணெய் சற்று மிகுந்தால் இளந்தளிரே கருகிவிடும். கிருமியோ இலையின் உட்தசையில் குடியிருக்கிறது. எழுந்துவிட்ட சொறியை எந்தச் சாறும் ஆற்றாது. ஏக்கர் கணக்கில் பூண்டு நசுக்கப் புகுவோர் முதலில் அதன் விலையை விசாரித்துக்கொள்வது நலம்.

வேம்பின் நிலை வேறு. இளந்தளிரில் வெள்ளிக் கோடுபோல் வளைந்து வளைந்து செல்லும் புழுவின் வழியைத் தோட்டக்காரர் கண்டிருப்பர். அது இலைத்துளைப்பான். மழைத்துளியோடு வரும் பாக்டீரியா அக்காயத்தின் வழியே எளிதிற் புகுந்து இலை முழுவதையும் சொறியாக்கும். வேப்பங்கொட்டையிலுள்ள அசாடிராக்டின் அப்புழுவின் வளர்ச்சியைக் கெடுக்கும். கிருமிக்கு வாயில் திறந்துவிடும் புழுவைத் தடுப்பதே வேம்பின் முதன்மையான உபகாரம். 5 கிலோ வேப்பம்பருப்பை இடித்து, ஓரிரவு நீரில் ஊறவைத்து, துணியில் வடித்து, 100 லிட்டராக்கி, 200 கிராம் சோப்புக் கரைத்துச் சேர்த்து, தளிர் விடும் பருவத்தில் மாலை வேளையில் தெளிக்க வேண்டும். பூஞ்சணம் பிடித்த பழங்கொட்டையை இடித்துவிட்டு, வேம்பு பலிக்கவில்லை என்பது நியாயமாகாது.

வேம்பு ஒன்றே போதும் என்பாரும் உளர். அது தவறு. மழைக்காலத்துக்கு முன் சொறி கண்ட கொம்புகளை வெட்டி எரித்து, 1 சதவீதப் போர்டோக் கலவையைத் தெளித்தே தீரவேண்டும். மயில்துத்தம் 1 கிலோவும் சுண்ணாம்பு 1 கிலோவும் தனித்தனியே கரைத்து, 100 லிட்டர் ஜலத்தில் சேர்ப்பதே அது. பளபளப்பான இரும்புக் கத்தியைக் கலவையில் நனைத்தெடுக்கையில் செம்பு படிந்தால் சுண்ணாம்பு இன்னும் வேண்டும். சுண்ணாம்பின் காரம் அசாடிராக்டினைச் சிதைக்குமாதலால், இதனோடு வேப்பஞ்சாற்றைக் கலத்தல் ஆகாது. காய்க்கும் கொம்பை வெட்டக் கை வராதென்பது மெய்யே. வெட்டாது விட்ட கொம்பு அடுத்த மழையில் தோட்டம் முழுதுக்கும் வித்தாகிறது.

அயலார் தோட்டம் சொறியோடிருக்க, ஒருவர் மட்டும் பாடுபட்டுப் பயனில்லை; காற்றோடு கூடிய மழைக்கு வேலி தெரியாது. அமெரிக்காவின் புளோரிடாவில் 1995 முதல் நோயுற்ற மரங்களை இலட்சக்கணக்கில் வெட்டியும், 2004, 2005-ஆம் ஆண்டுப் புயல்கள் வியாதியை எங்கும் பரப்பியமையால் 2006-ல் அம்முயற்சியே கைவிடப்பட்டது. ஆதலால் கிளை கழித்தலுக்கு ஊர் முழுவதற்கும் ஒரே வாரத்தைக் குறித்தலும், சொறியுள்ள நாற்றுகள் ஊருக்குள் வாராமற் பார்த்தலும் கிராம அதிகாரிகள் முன்னின்று செய்யத்தக்கவை. ஆனி, ஆடி மாதங்களில் ஏரிக்கரை வேம்புகளின் பழங்கள் மிதிபட்டு வீணாகின்றன. பஞ்சாயத்தார் ஆள்விட்டு அவற்றைப் பொறுக்கி, தோல் நீக்கி நிழலில் உலர்த்திவைத்தால், மழைக்காலத் தளிருக்கு வேண்டிய பருப்பு ஊரிலேயே கிடைக்கும்.