கூட ஒரு ஆள்

சென்னையில், எங்கள் தெருவிலிருந்து பத்து நிமிட நடையில் வீடற்றோர் காப்பகம் ஒன்று இருக்கிறது. மாநகராட்சி இடம் கொடுக்க, ஒரு தொண்டு அமைப்பு நடத்துகிறது. நாலைந்து வருடமாக அதற்கு உதவுவதாகச் சொல்லிக்கொள்பவர்கள் நாங்கள். செய்ததை எழுதிப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது.

பிள்ளையின் பிறந்தநாள், அப்பாவின் திதி, தீபாவளி என்று எங்கள் காலண்டரைப் பார்த்துத்தான் போனோம். ஒரு ஞாயிறு மதியம் மூன்று வீட்டுச் சாப்பாடு ஒன்றாக வந்து இறங்கியது. ராத்திரி பாதி பிரியாணி குப்பைக்குப் போனது. செவ்வாய்க்கிழமை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பொட்டலம் வாங்கியவர்களை நிற்கவைத்துப் படம் எடுத்தோம், பெயர் கேட்கவில்லை.

அங்கே பொறுப்பிலிருக்கும் அம்மா கேட்டது வேறு. "சோறு வந்துடுது சார். ஆஸ்பத்திரிக்குக் கூடப் போக ஒரு ஆள் வேணும்." பெரியவர் ஒருவருக்குக் கண்புரை ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். வாட்ஸ்அப் குழுவில் போட்டோம். கும்பிடும் கைகள் பதினேழு வந்தன. ஆள் வரவில்லை, அது வேலைநாள். ஆபரேஷன் தள்ளிப்போனது. அடுத்த வாரம் போனபோது பெரியவர் அங்கே இல்லை.

பெரிய நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகமாவது வேண்டும், அது வருடம் முழுக்க 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எங்கள் இரக்கத்தால் ஓடுவதாக நாங்கள் நினைத்த இடம், அவர்களுக்கு உரிமையாக வந்தது. மற்ற உரிமைகளும் கைக்கு எட்ட ஆதார் வேண்டும், ரேஷன் கார்டு வேண்டும், முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுத வேண்டும். எங்கள் குழுவில் தாலுகா ஆபீஸில் முப்பது வருடம் வேலை பார்த்தவர் இருக்கிறார், பேங்க்கில் ரிட்டையர் ஆனவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒரு மனுகூட எழுதிக் கொடுத்ததில்லை. சாம்பார் வாளி தூக்கிக்கொண்டிருந்தோம்.

இதைவிட மோசமானது ஒன்று. பெண்களுக்கான காப்பகம் எங்கள் தெருவிலேயே வரப்போவதாகப் பேச்சு வந்தது. குடியிருப்போர் சங்கத்தின் எதிர்ப்பு மனுவில் எங்களில் நாலு பேர் கையெழுத்துப் போட்டோம். மற்றவர்கள் வாய் திறக்கவில்லை. அந்த வருடம் பொங்கலுக்குப் புடவை மட்டும் தவறாமல் கொடுத்தோம்.

இப்போது காப்பகச் சுவரில் ஒரு அட்டை தொங்குகிறது. ஆஸ்பத்திரித் தேதிகளை அவர்கள் எழுதுகிறார்கள்; பக்கத்துக் கட்டத்தில் கூடப் போகிறவர் பெயரை நாங்கள் எழுத வேண்டும். இந்த மாதம் ஒன்பது தேதிகள். மூன்றில் பெயர் இருக்கிறது. மிச்சம் ஆறும் வேலைநாட்கள்.