"ஒயின்தானே சார்" என்பவர்களுக்கு



வேதியியல் வாத்தியார் மதுவைப் பற்றி எழுதுவதா என்று முகம் சுளிப்பவர்கள், குறிப்பாகக் காரைக்கால் சித்தி, இந்தப் பதிவைத் தாண்டிப் போய்விடலாம். குடிக்கச் சொல்லி நான் எழுதவில்லை. குடிக்காதே என்று எழுதினால் புதுச்சேரியில் யார் படிப்பார்கள் என்றும் எனக்குத் தெரியும்.

கடற்கரைப் பக்கத்து உணவகங்களில் இப்போது ஒரு கலவை நன்றாக ஓடுகிறது. ஷாம்பேன் மாதிரி நுரைக்கும் ஒயினில் போர்ட் அல்லது வெர்மூத் ஊற்றி, ஆரஞ்சுத் தோலைச் செருகி, பெரிய கிளாஸில் கொடுக்கிறார்கள். "லைட் சார், ஜூஸ் மாதிரி" என்று பரிமாறுபவரே சொல்கிறார். அது லைட் இல்லை.

நொதித்தல் பாடம் ஞாபகம் இருக்கிறதா? திராட்சையின் சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலும் கார்பன் டை ஆக்சைடும் தரும். அந்த வாயு தப்பாமல் பாட்டிலுக்குள் அடைபட்டால் நுரைக்கும் ஒயின். ஆல்கஹால் சுமார் 12 சதவீதம். நம் நாசிக் பாட்டில்களும் ஏறக்குறைய அப்படித்தான். போர்ட் வேறு கதை. நொதித்தல் பாதியில் இருக்கும்போதே திராட்சைச் சாராயத்தைக் கொட்டி ஈஸ்ட்டைக் கொன்றுவிடுகிறார்கள். ஈஸ்ட் தின்னாமல் விட்ட சர்க்கரை தங்கிவிடும், ஆல்கஹாலோ 20 சதவீதத்துக்கு ஏறிவிடும். வெர்மூத்தும் சாராயம் சேர்த்த ஒயின்தான், மூலிகை ஊறியது. 15 முதல் 18 வரை இருக்கும்.

இப்போது கணக்கு. பெரிய கிளாஸில் 60 மில்லி போர்ட், 120 மில்லி நுரை ஒயின் என்று வைத்துக்கொள்ளுங்கள். போர்ட்டில் 12 மில்லி சுத்த ஆல்கஹால், நுரை ஒயினில் 14.4. மொத்தம் 26.4 மில்லி. நம் ஊர் விஸ்கி 42.8 சதவீதம், ஒரு லார்ஜ், அதாவது 60 மில்லியில், 25.7. ஆக அந்த "ஜூஸ்" ஒன்று ஒரு லார்ஜுக்குக் கொஞ்சம் மேல். விஸ்கி தொண்டையில் எரிந்து எச்சரிக்கும். இதில் சர்க்கரை அந்த எரிச்சலை மூடிவிடுகிறது. போதாதற்கு, நுரை இருந்தால் சிலருக்கு ஆல்கஹால் ரத்தத்தில் வேகமாக ஏறுகிறது என்று ஆய்வுகளும் சொல்கின்றன.

எங்கள் உறவுக்காரப் பையன் ஒருவன், வயது 26, போன மாதம் இப்படி மூன்று கிளாஸ் குடித்துவிட்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக்கோடு விழுந்தான். காறை எலும்பு முறிந்தது. எதிரே வண்டி வராதது அவன் அம்மா செய்த புண்ணியம். ஆஸ்பத்திரியில் அவன் சொன்னது: "பெரியப்பா, நான் ஹாட் எதையும் தொடல. ஒயின்தான்." பொய் சொல்லவில்லை, பாவம். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினால் வண்டி ஓட்டக்கூடாது என்பது சட்டம். மூன்று லார்ஜ் அந்தக் கோட்டை எங்கோ பின்னால் விட்டுவிடும்.

கலவையின் மேல் எனக்குக் கோபம் இல்லை. நல்ல கலவைதான். மிலானில் பாஸ்ஸோ என்ற பாரில், 1970-களில், ஜின் ஊற்ற வேண்டிய கிளாஸில் நுரை ஒயின் பாட்டிலைத் தவறுதலாகக் கவிழ்த்தார்கள் என்றும், அப்படிப் பிறந்ததுதான் நெக்ரோனி ஸ்பாலியாத்தோ என்றும் கதை சொல்வார்கள். காம்பாரி, சிவப்பு வெர்மூத், நுரை ஒயின். ஜின் போய் ஒயின் வந்ததால் அது நிஜமாகவே இளகியது. இங்கே நாம் செய்வது தலைகீழ்: ஒயினோடு நிறுத்தாமல் இன்னும் கனமானதை ஏற்றுகிறோம், பெயரை மட்டும் "லைட்" என்று வைத்துக்கொள்கிறோம்.

நம் ஊருக்கு இது புதிதும் இல்லை. குருசுக்குப்பத்தில் என் சின்ன வயதில் பக்கத்து வீட்டில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். பிரெஞ்சு ராணுவ பென்ஷன்காரர். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் துபோனே ஒரு சின்ன கிளாஸ். (1846-இல் வந்த சரக்கு அது. கசக்கும் கொய்னாவைச் சிப்பாய்கள் விழுங்கட்டும் என்று இனிப்பு ஒயினில் கலந்தார்களாம்.) ஜூலை 14 அன்று மட்டும் அதே சின்ன கிளாஸில் துபோனே ஒரு விரல் அளவு, மேலே ஷாம்பேன். இரண்டாவது கிளாஸ் கிடையாது. பிறகு மீன் குழம்பும் சோறும், ஒரு தூக்கமும். வண்டி எடுத்து எங்கும் போகமாட்டார்.

வீட்டில் செய்பவர்கள் பெக் மெஷர் இல்லாமல் தொடாதீர்கள். கண் அளவு ஏமாற்றும். வெர்மூத் 30 மில்லி, நுரை ஒயின் 90 மில்லி போதும். ஆல்கஹால் 15, 16 மில்லியில் நிற்கும். இரண்டும் நன்றாகக் குளிர்ந்திருக்கட்டும். சூடானால் வாயு கரைந்து நிற்காது, நுரைத்து வழியும். வெர்மூத்தை முதலில் ஊற்றி, நுரை ஒயினைக் கிளாஸைச் சாய்த்து மெதுவாக விடுங்கள். ஒருமுறை கிண்டினால் போதும். ஷேக்கரில் போட்டுக் குலுக்குவது, சோடா பாட்டிலைக் குலுக்கித் திறப்பது மாதிரி. விலை உயர்ந்த ஷாம்பேனை இதற்கு வீணாக்க வேண்டாம். அதைத் தனியாகக் குடிப்பதே மரியாதை.

உணவகம், பார் நடத்தும் என் மாணவர்கள் நாலைந்து பேராவது இதைப் படிப்பீர்கள். மெனுவில் ஒவ்வொரு கலவைக்குப் பக்கத்திலும் எத்தனை மில்லி, எத்தனை சதவீதம் என்று அச்சடியுங்கள். "லைட்" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். பதினெட்டு வயது ஆனவன் சட்டப்படி உங்கள் கடைக்குள் வரலாம் என்ற ஊர் இது. பெருக்கல் கணக்கு அவனுக்கும் தெரியும், எண்ணை மட்டும் நீங்கள் கொடுத்தால் போதும். அச்சுச் செலவு அதிகம் என்பவர்கள் எனக்கு எழுதுங்கள், கரும்பலகையில் எழுதித் தர நான் வருகிறேன். கையெழுத்து இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.