பதினைந்து நட்சத்திரங்கள்

வெள்ளவத்தையில் வசிக்கும் என் தங்கை ஒருநாள் இரவு தொலைபேசியில் அழைத்தாள். குரலிலே கலக்கம் தெரிந்தது. "அண்ணை, தம்பி இரவிரவாய்ச் சீட்டு விளையாடுறான். நீங்கள் ஒருக்கா வந்து சொன்னால்தான் கேட்பான்" என்றாள். சீட்டு என்ற சொல்லைக் கேட்டதும் நான் பதறிப்போனேன். எந்த வீட்டில், யாரோடு, எவ்வளவு பணம் வைத்து என்று அடுக்கடுக்காக வினவினேன். "ஒருத்தரும் இல்லை. தனிய இருந்து, போனிலை" என்று விடை வந்தது.

மறுநாள் மாலையே புறப்பட்டேன். முப்பது ஆண்டுகள் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவனுக்கு, பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்வதைத் தவிர வேறு தொழில் ஏது? வழி நெடுகிலும் தருமர் சூதாடி நாடிழந்த கதையையே மனத்துள் ஒழுங்குபடுத்திக்கொண்டு போனேன்.

மருமகன் நல்ல பிள்ளை. உயர்தரப் பரீட்சையில் கணிதப் பிரிவிலே தோற்றி, பொறியியற் பீடத்துக்கான இசட் வெட்டுப்புள்ளியைத் தசமத்துக்குப் பின்னுள்ள இரண்டாம் இலக்கத்திலே தவறவிட்டவன். இரண்டாம் முறையும் எழுதிவிட்டு, பெறுபேற்றை எதிர்பார்த்து மாதக்கணக்காக வீட்டிலே இருந்தான். வருவோர் போவோர் யாவரும் அவனிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். நானும் அதையே கேட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

"வாங்கோ மாமா. அம்மா சொல்லிப்போட்டா போல" என்று சிரித்தான். பிறகு கைத்தொலைபேசியை என் முன்னே நீட்டினான். நான் கொண்டுபோன தருமர் கதை அன்று பயன்படவில்லை.

அவன் ஆடிய ஆட்டத்துக்கு ஹார்த்ஸ்டோன் என்று பெயர். அமெரிக்காவிலே கலிபோர்னியாவைச் சேர்ந்த பிலிசாட் என்னும் நிறுவனம் 2014ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வெளியிட்டது. இருவர் ஆடுவது. ஒருவர் முகத்தை ஒருவர் காண்பதில்லை. எதிரி டோக்கியோவில் இருக்கலாம், பக்கத்துத் தெருவிலும் இருக்கலாம். ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய சீட்டுகளைத் தாமே தெரிந்து, 30 சீட்டுகள் கொண்ட ஒரு கட்டை அமைத்துக்கொண்டு வருகின்றனர். ஒரே சீட்டில் இரண்டுக்கு மேல் வைத்தல் ஆகாது. தலைசிறந்த சில சீட்டுகளில் ஒன்றேதான். ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு வீரன் நிற்பான். அவனுக்கு உயிர் 30. எதிரியின் வீரனை முதலில் வீழ்த்துபவர் வென்றவர். சீட்டை இறக்குவதற்குச் செலவிடும் மந்திர சக்தி முதல் முறையில் 1, அடுத்த முறையில் 2 என்று 10 வரை வளரும். ஆதலால் மலிவான சீட்டுகளை வைத்து விரைந்து தாக்குவோரும் உளர். பொறுத்திருந்து பெருஞ்சீட்டுகளால் நசுக்குவோரும் உளர்.

இதிலென்ன அறிவுக்கு வேலை, வருகின்ற சீட்டைப் போடுவதுதானே என்றேன். மருமகன் என்னையே மடக்கினான். "நீங்கள் முன்னூற்றுநாலு ஆடுறதில்லையோ மாமா?"

நம்மவரில் முன்னூற்றுநாலு ஆடாதவர் யார்? ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, இராசாவுக்கு 3, இராணிக்கு 2. கூட்டினால் 76, நான்கு இனத்துக்கும் 304. கைக்கு வருவது அதிர்ஷ்டம். எந்தத் துரும்பு இறங்கிவிட்டது, எது இன்னும் எவன் கையில் ஒளிந்திருக்கிறது என்று நினைவிலே வைத்து ஆடுவது அறிவு. இங்கும் அப்படியே. எதிரி எவ்வகைக் கட்டோடு வந்திருக்கிறான் என்பதை முதலிரண்டு சீட்டுகளிலேயே ஊகித்து, அவன் அடுத்து எதை இறக்கக்கூடும் என்று அஞ்சி, அதற்கு இடம் வைத்து நம் சீட்டைப் போட வேண்டும். தொடக்கத்தில் கைக்கு வந்தவற்றுள் வேண்டாதவற்றைத் திருப்பிக் கொடுத்து வேறு பெறவும் வழியுண்டு. எதைத் திருப்புவது என்பதிலேயே பல ஆட்டங்கள் முடிவாகிவிடுகின்றன என்று அவன் சொன்னான்.

ஆட்டத்திலே எதிரியோடு பேச முடியாது. வணக்கம், நன்றி, நன்றாக ஆடினீர் என்பன போன்ற சில ஆயத்தச் சொற்களை மட்டும் அனுப்பலாம். முன்பு "மன்னிக்கவும்" என்ற சொல்லும் இருந்ததாம். எதிரியை வீழ்த்திவிட்டு ஏளனமாக மன்னிப்புக் கேட்போர் பெருகியபடியால் 2016இல் அதை எடுத்துவிட்டு, வியப்பைக் காட்டும் ஒரு சொல்லை வைத்தார்கள். மன்னிப்புக் கேட்பதே வசையாகிப்போன விந்தையை நினைத்து நான் நெடுநேரம் சிரித்தேன்.

இனி ஏணியைச் சொல்ல வேண்டும். தங்கையின் துயரம் முழுவதும் அதிலேயே கிடந்தது. வெண்கலம், வெள்ளி, பொன், பிளாட்டினம், வைரம் என ஐந்து பிரிவுகள்; ஒவ்வொன்றிலும் 10இலிருந்து 1 வரை பத்துப் படிகள்; படிக்கு மூன்று நட்சத்திரம். வைரத்தையும் தாண்டினால் ‘லெஜெண்ட்’ என்னும் உச்சநிலை. 2020ஆம் ஆண்டு முதல் உள்ள ஒழுங்கு இது. அதற்கு முன் 25இலிருந்து 1 வரை எண்ணி இறங்குவதாக இருந்தது. வென்றால் நட்சத்திரம் கூடும். தோற்றால் ஒன்று குறையும். கீழ்ப் படிகளிலே தொடர்ந்து மூன்று முறை வென்றவனுக்கு இரட்டிப்புக் கிடைப்பதால் விறுவிறென்று ஏறிவிடலாம். வைரம் 5ஐ அடைந்ததும் அந்தச் சலுகை நின்றுவிடும். அங்கிருந்து உச்சிக்கு 15 நட்சத்திரங்கள். வெற்றிக்கு ஒன்று, தோல்விக்கு ஒன்று, நம்மூர் வழுக்குமரந்தான். மாதம் முடிந்தால் எல்லோரையும் கீழே இறக்கிவிடுவார்கள்.

மருமகன் இரண்டு வாரமாக அந்த மரத்தில் வழுக்கிக்கொண்டிருந்தான்.

எனக்குக் கணித வாத்தியார்ப் புத்தி கிளம்பியது. ஒரு கொப்பியையும் பென்சிலையும் கேட்டு வாங்கினேன். வைரம் 5இன் அடியிலே இன்னொரு தயவு உண்டு: அதற்குக் கீழே அந்த மாதத்தில் விழுவதில்லை. அடித்தளத்தில் நிற்கும்போது தோற்றால் நட்டமில்லை. இதையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தேன். நூற்றுக்கு 60 ஆட்டம் வெல்பவன் சராசரியாக 65 ஆட்டங்களிலே உச்சியை அடைவான். 55 வெல்பவனுக்கு ஏறத்தாழ 107 ஆட்டம் வேண்டும். நாணயத்தைச் சுண்டினாற்போல் சரிபாதி வெல்பவனும், அடித்தளம் தாங்குவதால், சராசரியாக 240 ஆட்டங்களில் ஏறிவிடுவான்! 45 மட்டுமே வெல்பவனுக்கோ 900க்கும் அதிகம்.

நேயர்கள் இந்த எண்களைச் சற்று நின்று நோக்க வேண்டுகிறேன். ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது நிமிடம் என்று வைத்துக்கொண்டால், 60 வெல்பவனுக்குப் பத்து மணித்தியாலத்துக்குள் முடிகின்ற காரியம், சரிபாதி வெல்பவனுக்கு 36 மணித்தியாலம் எடுக்கிறது. 45 வெல்பவனுக்கு 130 மணித்தியாலத்துக்கும் மேல். உச்சியில் இருவருக்கும் ஒரே பட்டந்தான். ஒருவன் திறமையால் வாங்கினான். மற்றவன் தன் வாழ்நாளைக் கொடுத்து வாங்கினான். பட்டத்தைப் பார்த்து எவன் எவனென்று சொல்ல இயலாது.

மருமகன் அந்தக் கொப்பியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "நான் எத்தினை வீதம் எண்டு எனக்கே தெரியாது மாமா" என்றான். அன்றிலிருந்து எழுதத் தொடங்குவதென்று தீர்மானித்தோம். வைரம் 5இன் அடியில் நின்ற அன்றைய முதல் ஆட்டமே கொப்பியின் முதல் வரி. எதிரியின் கட்டு எது, முதலில் ஆடியது யார், முடிவு என்ன, தோற்றால் ஏன் என்று நான்கு நிரல்கள். நான் கிழமைக்கு இரண்டு தடவை போய்ப் பார்த்து வந்தேன். தங்கைக்கு என் மீதும் கோபம். திருத்த வந்தவர் கூட்டுச் சேர்ந்துவிட்டார் என்று அயலவரிடம் முறையிட்டாளாம்.

கொப்பி பல உண்மைகளைக் காட்டிக்கொடுத்தது. கட்டை அடிக்கடி மாற்றிய நாட்களில் அவன் தோல்வி அதிகம். ஒரே கட்டை வைத்து ஆடியபோது குறைவு. காலை ஆட்டங்கள் நல்லவை. நள்ளிரவுக்குப் பின் ஆடியவற்றில் "ஏன்" என்ற நிரலிலே "அதிர்ஷ்டமில்லை" என்ற ஒரே விடை வரிசையாக இருந்தது. ஒன்றைச் சுட்டி, இது எப்படி அதிர்ஷ்டமாகும் என்று விசாரித்தேன். சற்று யோசித்துவிட்டு, அவசரப்பட்டுப் பெருஞ்சீட்டை முன்கூட்டியே இறக்கிவிட்டதாக ஒப்புக்கொண்டான்.

அதன் பின்பு அந்த இரவு வந்தது. வைரம் 1இலே இரண்டு நட்சத்திரம். இன்னும் ஒரேயொரு வெற்றிதான். அந்த ஆட்டத்தில் தோற்றான். அடுத்ததிலும் தோற்றான். போனதை அன்றிரவே பிடித்துவிட வேண்டுமென்ற வெறியில் பத்து ஆட்டம் ஆடி, ஒன்பதில் தோற்று, எட்டு நட்சத்திரம் இழந்து வைரம் 3இன் அடிக்கு வந்து சேர்ந்தான். போக்கர் ஆடுவோர் இந்த நிலையை ‘டில்ட்’ என்பார்கள். இயந்திரத்தைக் கோபத்தோடு ஆட்டினால் அது நின்றுபோகும் பழைய பந்தாட்டப் பெட்டிகளிலிருந்து வந்த சொல். தருமர் நாட்டை வைத்துத் தோற்றபின் தம்பியரை வைத்தாரே, அதுவேதான். என் கதைக்கு ஈற்றிலே ஓர் இடம் கிடைத்தது. ஆனால் அன்று காலை அவன் முகத்தைப் பார்த்தபோது சொல்ல மனம் வரவில்லை.

ஏன் விடாமல் ஆடினாய் என்று மட்டும் கேட்டேன். அவன் சொன்ன மறுமொழி இன்னும் என் காதில் நிற்கிறது. "சோதினை மறுமொழி வர மாதக்கணக்காகும் மாமா. அதிலை நான் இனிச் செய்ய ஒண்டுமில்லை. இதிலை ஒன்பது நிமிசத்திலை தெரிஞ்சுபோம். தோத்தாலும் திரும்ப ஆடலாம்."

நாங்கள் அவனைச் சோம்பேறி என்று நினைத்துக்கொண்டிருந்தோம். காத்திருத்தல் என்னும் வேலையை அவன் தனியே செய்துகொண்டிருந்ததை வீட்டில் ஒருவரும் காணவில்லை; கண்டவர்களும் பெறுபேறு எப்போது என்று கேட்டதோடு கடமையை முடித்துக்கொண்டோம்.

இரண்டு ஆட்டம் தொடர்ந்து தோற்றால் கைத்தொலைபேசியை அம்மாவிடம் கொடுத்துவிட வேண்டும் என்று அவனே விதி செய்துகொண்டான். தங்கை அதை அரிசிப் பானைக்குள் வைத்தாள். எதிரியின் வாயை அடைக்கும் வசதி ஒன்று ஆட்டத்திலே உண்டு. அதையும் தொடக்கத்திலேயே அழுத்திவிடப் பழகினான். ஏளன வணக்கங்கள் நின்றன.

இந்த ஏணியின் உச்சியே உலகத்தின் உச்சி என்று எண்ணிவிடக் கூடாது. அதற்கப்பால் போட்டிகள் இருக்கின்றன. 2019ஆம் ஆண்டு நவம்பரில் கலிபோர்னியாவின் அனஹைம் நகரில் நடந்த உலக இறுதிப் போட்டியில் லீ சியாவோமெங் என்ற சீனப் பெண் எதிரிக்கு ஓர் ஆட்டமும் கொடாமல் மூன்றுக்குப் பூச்சியம் என்று வென்று, இரண்டு இலட்சம் அமெரிக்க டொலர் பரிசு பெற்றார். பிலிசாட்டின் அந்தப் பெருவிழாவில் உலகப் பட்டம் வென்ற முதற் பெண் அவர். முன்னொரு போட்டிக்கு வரிசையில் நின்றபோது, பெண்பிள்ளைக்கு இங்கே என்ன வேலை என்ற பொருள்பட ஒருவன் சொன்னதை அவரே பின்பு நினைவுகூர்ந்திருக்கிறார். இதைக் கேட்டதும் தங்கை முதன்முறையாக அந்தத் திரையை எட்டிப் பார்த்தாள். அதே சீனாவில் நிறுவனங்களுக்கிடையே ஒப்பந்தம் முறிந்து 2023 ஜனவரியில் ஆட்டமே மூடப்பட்டு, 2024 செப்டெம்பரில்தான் மீண்டும் திறந்தது. ஏறுபவனின் உழைப்பு எவ்வளவாயினும், ஏணி முதலாளியுடையது.

மாதத்தின் கடைசி நாளுக்கு முதல் நாள் மாலை. மருமகன் ஆடிக்கொண்டிருந்தான், நான் பக்கத்திலே கொப்பியோடு. எதிரியின் வீரனுக்கு உயிர் 4. மருமகன் கையிலே மூன்று சீட்டு. கடற்கரைப் பக்கம் புகையிரதம் போய் ஓசை அடங்கும்வரை அவன் விரலை அசைக்கவில்லை. பின்பு ஒன்றை இறக்கினான். அவ்வளவுதான்.

கூட்டிப் பார்த்தேன். 187 ஆட்டம், 97 வெற்றி, 90 தோல்வி. மிச்சம் ஏழுதான்; அடித்தளம் மன்னித்த தோல்விகள் எட்டு; ஆக 15. ஏறத்தாழ 28 மணித்தியாலம். நூற்றுக்கு 52க்குச் சற்றுக் குறைவு. "சரிபாதியிலும் ஒரு நூல்தான் கூட" என்றேன். "அந்த நூல்தானே மாமா" என்றான். இசட் புள்ளியை நினைத்துச் சொன்னானோ, நான் கேட்கவில்லை.

சத்தங்கேட்டுத் தங்கை அகப்பையோடு வந்தாள். என்ன கிடைத்தது, காசோ என்று கேட்டாள். உச்சியை முதன்முறை அடைந்தவனுக்குச் சீட்டின் பின்புறத்தில் போட்டுக்கொள்ள ஒரு படம் தருவார்கள். அதைக் காட்டினான்.

"இதுக்கோ இவ்வளவு நாளும்?"

"ஓம் அம்மா."

அவள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தாள். "வடிவாய்த்தான் கிடக்கு" என்றாள். "சோறு ஆறுது, ரெண்டு பேரும் வாங்கோ."