இடிப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை

கன்னியாகுமரிக்குப் போனால் கடலைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள், சகோதரிகளே! தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. (திங்கட்கிழமை விடுமுறை.) திருவிதாங்கூர் மன்னர்கள் வாழ்ந்த இடம். சுமார் ஆறரை ஏக்கரில் பெரும்பாலும் மர வேலைதான்! இருப்பதில் பழையது தாய்க் கொட்டாரம். 1550-ஐ ஒட்டிக் கட்டியது என்கிறார்கள். அங்கே ஒரே பலாமரத்தில் செதுக்கிய தூணைப் பார்த்தால் கண்ணை எடுக்க மனசு வராது. கறுப்புத் தரையோ முகம் பார்க்கலாம் போல மின்னுகிறது. சுண்ணாம்பு, சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக் கரு எல்லாம் சேர்த்துப் போட்டதாம்.

1795-ல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போனபின் அரண்மனையின் மவுசு குறைந்தது. 1930-களில் சித்திரைத் திருநாள் மகாராஜா காலத்தில் அதைப் பாதுகாத்து அருங்காட்சியகம் ஆக்கினார்கள். 1956-ல் கன்னியாகுமரி மாவட்டம் நம்மோடு சேர்ந்தும், அரண்மனையைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறைதான்.

மர வேலையில் ஒரு சௌகரியம். ஒன்றோடொன்று கோத்துப் பூட்டியிருப்பதால், உளுத்ததை மட்டும் கழற்றிவிட்டு வேறு பொருத்தலாம்.

இதை நான் சொல்லக் காரணம் உண்டு. திருவெண்ணெய்நல்லூரில் எங்கள் மாமனார் வீடும் தேக்குத் தூணும் பனங்கையும் நாட்டு ஓடுமாக இருக்கிறது. "ஒழுகுது, கரையான் வேற. இடிச்சுட்டு மெத்தை வீடு கட்டலாம்" என்று கொழுந்தனார் ஒரே பிடியாக நின்றார். மாமியாரோ, "நான் இருக்கிற வரைக்கும் இந்தத் தூணை யாரும் தொடக்கூடாது" என்று சாப்பிடாமல் தாழ்வாரத்தில் உட்கார்ந்துவிட்டார். கடைசியில் தச்சரை ஏற்றிப் பார்த்தோம். கெட்டிருந்தது நாலே நாலு பனங்கை! அதுவும் ஓடு உடைந்து தண்ணீர் இறங்கிய இடத்தில்தான். மாற்றியாகிவிட்டது. "ஒரு மழைக்காலம் போகட்டும், பார்க்கலாம்" என்கிறார் கொழுந்தனார். அந்த மட்டும் சரி!

உங்கள் வீட்டிலும் மரக் கூரை இருந்தால், ஐப்பசி மழைக்கு முன்பே உடைந்த ஓட்டை மாற்றச் சொல்லுங்கள். தூணடியில் மண்ணும் குப்பையும் சேராமல் பெருக்குங்கள். கரையான் மண்ணிலிருந்துதான் ஏறும். பெரியவர்கள் தூணுக்கு அடியில் கல் வைத்ததும் ஈரம் ஏறாமல் இருக்கத்தான். மரத்தை ஒட்டி மூட்டை முடிச்சுகளை அடுக்காதீர்கள், காற்றாட விடுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை சட்டங்களைத் தட்டிப் பாருங்கள். 'பொத்' என்று சத்தம் கேட்டால் உள்ளே உளுத்திருக்கிறது என்று அர்த்தம்.

யாராவது "இடிக்கலாம்" என்றால், முதலில் தச்சரைக் கூப்பிடச் சொல்லுங்கள். ஒரு நாள் கூலியோடு போகும்!