கணிதமும் மருத்துவமும் கைகோக்கட்டும்

முன்பு இந்திய மருத்துவப் பணியில் இருந்த மெக்கென்ட்ரிக்கும் வேதியியலாளர் கெர்மக்கும் சேர்ந்து 1927இல் கொள்ளைநோய் பரவலுக்குச் சமன்பாடு எழுதினார்கள். அதைச் சோதிக்க அவர்கள் எடுத்துக்கொண்டது 1905-06 பம்பாய் பிளேக்கின் இறப்புக் கணக்கு. கொரோனா காலத்தில் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் சிதப்ர சின்ஹா, ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்குத் தொற்றைக் கடத்துகிறார் என்ற ‘ஆர்’ மதிப்பைத் தொடர்ந்து கணித்துவந்தார். அது ஒன்றைத் தாண்டினால் நோய் பெருகும்; இறங்கினால் அடங்கும்.

இந்தக் கணக்கு திருச்சிக்கு அவசியம் வேண்டும். வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் லட்சக்கணக்கானோர் நெருக்கியடித்து நிற்கிறார்கள். பிறகு நாலா திசையிலும் ஊர் திரும்புகிறார்கள். மூச்சுக்காற்றில் பரவும் தொற்றுக்கு இதைவிட வேறென்ன வாய்ப்பு வேண்டும்? என்.ஐ.டி.யில் கணித அறிஞர்கள் இருக்கிறார்கள். கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியில் நோயாளிகளை நேரில் பார்க்கும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஊரின் சந்துபொந்தெல்லாம் மாநகராட்சி ஊழியர்களுக்குத் தெரியும். மூவரும் ஒரே மேசையில் அமர வேண்டும். நோயாளிகளின் பெயர் நீக்கிய தரவைத் தினமும் பகிர வேண்டும். தரவு கிடைக்காத சமன்பாடு வெறும் ஊகம். கணிக்கப்படாத தரவு வெறும் கோப்பு. தொற்று பரவத் தொடங்கியபின் கூட்டம் போட்டுப் பேச நேரமிருக்காது. தரவுப் பகிர்வுக்கான ஒப்பந்தத்தை இப்போதே எழுத வேண்டும்.