தியேட்டர் இருட்டில் ஃபோன்: ஃபிளாஷைவிட பெரிய தொல்லை எது? சட்டம் என்ன சொல்கிறது?

ஹீரோ என்ட்ரி. விசில் காதைக் கிழிக்குது. அதே நேரத்தில் நாலு வரிசை முன்னால் ஒரு ஃபோன் உயர்கிறது, ஃபிளாஷ் ‘பளிச்’சென்று அடிக்கிறது. ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ படம் பார்த்து வளர்ந்த யாருக்கும் இந்தக் காட்சி புதுசு இல்லை. சரி, எடுத்தவருக்கு என்ன கிடைத்தது என்று அந்த போட்டோவைப் பார்த்தால், முன் சீட்டுக்காரரின் பின்மண்டை வெள்ளை வெளேரென்று இருக்கும். ஹீரோ மங்கலாக எங்கோ தூரத்தில் இருப்பார்.

காரணம் ரொம்ப எளிது. ஃபோனில் இருப்பது ஒரு சின்ன எல்இடி விளக்கு. அதன் வெளிச்சம் உருப்படியாக எட்டுவது சில மீட்டர் தூரம்தான். தூரம் 5 மடங்கானால் வெளிச்சம் 25-ல் ஒரு பங்காகக் குறைந்துவிடும். தியேட்டரில் நடு வரிசையிலிருந்து திரைக்குப் போய்ச் சேர்வதற்குள் அந்த ஃபிளாஷில் ஒன்றுமே மிச்சம் இருக்காது. தவிர, திரை ஏற்கெனவே வெளிச்சத்தில்தான் இருக்கிறது. அதற்கு ஃபிளாஷ் அடிப்பது, எரிகிற ட்யூப் லைட்டைப் பார்க்க டார்ச் அடிப்பது மாதிரி. பல பேர் இதை வேண்டுமென்றே செய்வதும் இல்லை. ஃபிளாஷ் ‘ஆட்டோ’வில் இருக்கும், சுற்றிலும் இருட்டாக இருப்பதைப் பார்த்து கேமரா தானாகவே அடித்துவிடும்.

ஆனால் எல்லாரும் ஃபிளாஷைத் திட்டுகிற வேகத்தில் இன்னொன்றை விட்டுவிடுகிறோம். ஃபிளாஷ் ஒரு நொடியில் போய்விடும், அதுவும் முன்னால் இருப்பவர்கள் மேல்தான் விழும். பின்னால் உட்கார்ந்திருப்பவரை நிஜமாகவே படம் பார்க்கவிடாமல் செய்வது உயர்த்திப் பிடித்த ஃபோனின் டிஸ்ப்ளே. டிஜிட்டல் சினிமாவுக்கான சர்வதேச அளவுகோல்படி, திரையின் வெள்ளைப் பகுதி தர வேண்டிய பிரகாசம் ஒரு சதுர மீட்டருக்கு 48 கேண்டலா. ஃபோன் விளம்பரங்களில் ‘நிட்ஸ்’ என்று போடுகிறார்களே, அதே அலகுதான். இன்றைய சாதாரண ஸ்மார்ட்ஃபோன்கூட 500 நிட்ஸ் வரை சுலபமாகப் போகும். அதாவது, பிரைட்னஸைக் குறைக்காமல் தூக்கிப் பிடித்த ஒரு ஃபோன், சினிமா திரையைவிட சுமார் 10 மடங்கு பிரகாசமாகப் பின்சீட்டுக்காரரின் கண்ணுக்கு நேராக நிற்கிறது. ‘ஒரு மெசேஜ்தானே பார்த்தேன்’ என்று சொல்பவருக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்காது.

கண்ணுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் வந்தால் விழித்திரையின் கோல் செல்கள் முழுசாகப் பழக 20 முதல் 30 நிமிடம் வரை ஆகும். ஒரு பளீர் வெளிச்சம் அந்தப் பழக்கத்தைக் கெடுக்க ஒரு நொடி போதும். படத்தில் இரவுக் காட்சி ஓடும்போது பக்கத்தில் ஃபோன் எரிந்தால் சில நொடிகளுக்குத் திரையில் வெறும் கருப்புதான் தெரியும்.

தியேட்டரிலாவது கண்தான் கூசும். தீவுத்திடல் பொருட்காட்சியில் வருகிற ‘பேய் வீடு’ மாதிரியான இடங்களில் ஃபிளாஷ் அடித்தால் காசு கொடுத்து வாங்கிய பயமே போய்விடும். உள்ளே இருப்பது கருப்புத் துணி, அட்டை, மங்கலான கலர் விளக்கு. ஒரு ஃபிளாஷில் ஆணியும் கயிறும் தெரிந்துவிடும், பின்னால் வருகிற குடும்பத்துக்கும் சேர்த்து. இருட்டில் வேஷம் போட்டு நிற்கிறவருக்கோ, முகத்துக்கு நேராக அடித்த வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் எதிரே வருவது யாரென்றே தெரியாது. உலகத்தின் பெரிய தீம் பார்க்குகளிலும் இதே தலைவலிதான். 1969-ல் திறந்த டிஸ்னிலேண்டின் ‘ஹான்டட் மேன்ஷன்’ சவாரியில் ஆடுகிற பேய்கள், 1862-ல் லண்டனில் பெப்பர் என்பவர் பிரபலமாக்கிய கண்ணாடித் தந்திரத்தால் உருவானவை. ஒளித்து வைத்த உருவங்களின் பிம்பம் பெரிய கண்ணாடியில் விழும். சுற்றிலும் மங்கலாக இருக்கிறவரைதான் கண்ணாடி கண்ணில் படாது. ஃபிளாஷ் அடித்தால் தெரிவது பேய் இல்லை, கண்ணாடி.

‘அப்போ ஃபர்ஸ்ட் டே ஃபர்ஸ்ட் ஷோ?’ என்று கேட்பது நியாயம். வட சென்னையில் முதல் காட்சி என்பது திருவிழா. காகிதம் பறக்கும், பாட்டுக்கு நூறு ஃபோன் டார்ச் ஒன்றாக ஆடும். 2023 ஜனவரியில் நள்ளிரவுக் கொண்டாட்டத்தில் ஒரு ரசிகர் இறந்த பிறகு விடிகாலைக் காட்சிகள் நின்று, முதல் காட்சி காலை 9 மணிக்கு வந்துவிட்டது. ஆட்டம் மட்டும் குறையவில்லை. அங்கே யாரும் அமைதியை எதிர்பார்த்து டிக்கெட் எடுப்பதில்லை. அந்த டார்ச் வெளிச்சத்தைக் குற்றம் சொல்வது தேர்த் திருவிழாவில் சத்தம் அதிகம் என்று சொல்வது போல. துறைமுகத்தில் ஷிஃப்ட் முடித்துவிட்டு செவ்வாய்க்கிழமை மாலைக் காட்சிக்குக் குடும்பத்தோடு வருகிறவரிடம் அதே உரிமையை எடுத்துக்கொள்வதுதான் தப்பு.

திருவிழாவுக்கும் ஒரு கோடு இருக்கிறது: டார்ச் ஆட்டலாம், திரையை ரெக்கார்ட் பண்ணக்கூடாது. 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சினிமாட்டோகிராஃப் திருத்தச் சட்டம், தியேட்டரில் படத்தின் திருட்டுப் பிரதியை உருவாக்கும் நோக்கத்தில் பதிவு செய்வதைக் குற்றமாக்குகிறது. முழுப் படம்தான் என்று இல்லை, ஒரு பகுதியாக இருந்தாலும் குற்றம்தான். குறைந்தது 3 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. அபராதம் குறைந்தது 3 லட்சம் ரூபாய்; மேல் வரம்பு, ஆடிட் செய்யப்பட்ட தயாரிப்புச் செலவில் 5 சதவீதம். 100 கோடி ரூபாய் படம் என்றால் 5 கோடி வரை போகலாம். 20 விநாடி ஸ்டேட்டஸ் போட்ட ரசிகரைத் தேடி போலீஸ் வீட்டுக்கு வருமா என்றால், சட்டத்தில் ‘நோக்கம்’ என்கிற வார்த்தை இருக்கிறது, அது அவருக்குக் கொஞ்சம் துணை. ஆனால் கிளைமாக்ஸை ரீலாகப் போட்டுவிட்டு ‘நோக்கமே இல்லை’ என்று வாதாடுகிற நிலைமைக்கு யார் போக வேண்டும்? 2024 ஜூலையில் திருவனந்தபுரம் தியேட்டரில் ‘ராயன்’ படத்தை ஃபோனில் பதிவு செய்துகொண்டிருந்த ஒருவரை கேரள போலீஸ் சீட்டிலிருந்தே பிடித்துக்கொண்டு போனது.

எந்த தியேட்டரில் எடுத்தது என்று எப்படித் தெரியும்? திரையில் ஓடுகிற படத்துக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாத வாட்டர்மார்க் இருக்கும். டிஜிட்டல் சினிமா விதிப்படி ஒவ்வொரு 5 நிமிடப் பகுதியிலும் இடமும் நேரமும் குறியீடாகப் பதிந்திருக்க வேண்டும். ஆகவே வீடியோ கசிந்தால் முதலில் விசாரணை வருவது எடுத்தவரிடம் இல்லை, தியேட்டர்காரரிடம்.

வட சென்னைக்கு இது சின்ன விஷயம் இல்லை. 1967-ல் திறந்த தண்டையார்பேட்டை அகஸ்தியா 2020-ல் கொரோனா காலத்தோடு மூடிவிட்டது. ராயபுரம் பிரைட்டன் உருமாறி ஐ டிரீம் ஆனது. (தியேட்டர் இங்கே எவ்வளவு பெரிய அடையாளம் என்றால், 2021-ல் ராயபுரத்தில் ஜெயித்த எம்எல்ஏவின் பெயரே ‘ஐ டிரீம்’ மூர்த்தி.) திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்து இளைஞர்களுக்கு பஸ் தூரத்தில் இருக்கிற இந்த மாதிரி தியேட்டர்களை விட்டால் அடுத்தது மால்தான், அதற்கேற்ற டிக்கெட், பாப்கார்ன் விலையோடு. ‘ஃபோன் வெளிச்சம் தாங்கல, ஓடிடி வரட்டும்’ என்று ஒரு குடும்பம் முடிவு செய்தால் நஷ்டம் இந்தத் தெரு தியேட்டருக்குத்தான்.

ஃபோன் வைத்திருப்பவர் செய்ய வேண்டியது அரை நிமிட வேலை. கேமராவில் ஃபிளாஷை ‘ஆட்டோ’விலிருந்து ‘ஆஃப்’க்கு மாற்றுங்கள். செல்ஃபி, டிக்கெட் போட்டோ எல்லாம் விளக்கு அணைவதற்கு முன்போ இடைவேளையிலோ எடுத்துக்கொள்ளலாம். அவசரமாக மெசேஜ் பார்க்க வேண்டுமா? பிரைட்னஸை அடிவரை இறக்கி, ஃபோனை மடிக்குக் கீழே வையுங்கள். கால் வந்தால் வெளியே போய்விடுங்கள்.

பக்கத்தில் யாராவது தூக்கிப் பிடித்தால் சண்டை வேண்டாம். ‘ண்ணா, ஃபோனைக் கொஞ்சம் இறக்குங்கண்ணா, மறைக்குது’ என்றால் பெரும்பாலும் இறக்கிவிடுவார்கள். கேட்கவில்லையென்றால் தியேட்டர் ஊழியரிடம் சொல்லலாம். ரெக்கார்டிங்கைத் தடுப்பதில் அவர்களுக்கே அக்கறை அதிகம். புகையிலை எச்சரிக்கை போடுகிற நேரத்தில் ஃபோனுக்கும் தமிழில் ஒரு கார்டு போட்டால் தியேட்டர்களுக்குப் பெரிய செலவு ஆகிவிடாது. லேட்டாக வருகிறவருக்கு சீட் காட்டுகிற ஊழியரைக் கவனித்தால் தெரியும், அவர் டார்ச் எப்போதும் தரையைத்தான் பார்த்திருக்கும்.

இன்னொன்று, ஸ்மார்ட் வாட்ச். கையைத் தூக்கும்போதெல்லாம் எரிகிற அதை நிறுத்த, பெரும்பாலான வாட்ச்களில் ‘தியேட்டர் மோட்’ என்றே ஒரு வசதி இருக்கிறது.