காமிராவின் இருபுறமும் பெண்

புகைப்படக் கலை பிறந்த நாள் முதல் பெண்ணைப் படம் பிடித்தவர்கள் பெரும்பாலும் ஆண்களே. எப்படி நிற்பது, எங்கே பார்ப்பது என்று கட்டளையிட்டவர்களும் அவர்களே. அந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கித் தம்மைத் தாமே படமாக்கிக்கொண்ட பெண்கள் உண்டு. அழகைக் காட்டுவது அவர்கள் நோக்கமன்று, "நான் யார்?" என்ற கேள்விக்கு விடை காண்பதே நோக்கம்.

மூன்று பெண்மணிகள்

பிரான்ஸில் 1894-ல் பிறந்த க்ளோட் காஹூன், தலையை மழித்தும் ஆண் உடை தரித்தும் தம்மைப் படமாக்கினார். ஆண், பெண் என்ற இரண்டு பெட்டிகளிலும் அடங்க மறுத்தவர் அவர். மற்றொரு பெண்ணையே வாழ்க்கைத் துணையாகக் கொண்டார். நாஜிகளை எதிர்த்துத் துண்டுப் பிரசுரம் பரப்பியதற்காக 1944-ல் இருவருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது, எப்படியோ தப்பினர்.

இங்கிலாந்தின் ஜோ ஸ்பென்ஸுக்கு 1982-ல் மார்பில் புற்றுநோய் கண்டது. அறுவைச் சிகிச்சைக்குமுன், "ஜோ ஸ்பென்ஸின் சொத்தா?" என்று மார்பின் மீதே எழுதிப் படம் எடுத்துக்கொண்டார். என் உடல் என்னுடையதா, வைத்தியருடையதா என்பதே அதன் பொருள்.

பெங்களூரின் புஷ்பமாலா, 2000 முதல் 2004 வரை, கிளேர் ஆர்னியுடன் சேர்ந்து தென்னிந்தியப் பெண்களின் பழைய பிம்பங்களைத் தாமே வேடமிட்டு மீண்டும் படைத்தார். ரவிவர்மாவின் லட்சுமியாக நின்றவர், வெள்ளைக்காரர் அளவெடுத்துப் படம் பிடித்த பாணியில் தோடர் பெண்ணாகவும் நின்றார்.

சட்டம் கேட்காத கேள்வி

"துணி குறைந்தால் ஆபாசந்தானே?" என்பார் சிலர். இன்று கையடக்கப் போனில் காமிரா இருக்கிறது. ஒரு பெண் தானே எடுத்த படமும், அவளிடமிருந்து திருடிய படமும், இயந்திரம் ஜோடித்த பொய்ப் படமும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றலாம். ஆனால் முதலாவது அவள் விருப்பம். மற்றவை அவளுக்கு இழைத்த அநீதி.

நம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-இ பிரிவு, சம்மதமின்றி ஒருவரின் அந்தரங்க உறுப்பைப் படம் பிடிப்பதையோ பரப்புவதையோ குற்றமாக்கி, மூன்று ஆண்டுகள் வரை சிறை விதிக்கிறது. 67-ஏ பிரிவோ பாலியல் செயலைக் காட்டும் படத்தைப் பரப்பினால் முதல் முறை ஐந்து ஆண்டுகள் வரை சிறை என்கிறது. அங்கே சம்மதம் பற்றிய பேச்சே இல்லை. கலைக்கு விலக்கு உண்டு. ஆனால் அது கலைதான் என்று மெய்ப்பிக்க வேண்டும். ஆக, தன் படத்தைத் தானே வெளியிட்டவளுக்கு, திருடனுக்குரியதைவிட நீண்ட தண்டனை கிடைக்கவும் வழியிருக்கிறது!

சட்டம் திருந்தட்டும். அதற்குமுன் வீடுகள் திருந்தலாம். மகளின் படம் திருடுபோனால் "நீ ஏன் எடுத்தாய்?" என்று அவளைக் கேட்கிறோம். "பரப்பியவன் யார்?" என்றல்லவா முதலில் கேட்க வேண்டும்? அந்த ஒரு கேள்வி மாறினாலே, அவள் பயத்தை விட்டுப் புகார் கொடுக்க முன்வருவாள்.